அண்ணியின் படத்தில் கை வைத்தவர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசையில் அண்ணி தண்ணீர்க் குவளையை வைத்த சத்தத்திலிருந்து வந்தது. ‘வைத்தார்’ என்று எழுதுவது மரியாதைக்காக. உண்மையில் இடித்தார். தண்ணீர் துள்ளி அண்ணனின் தட்டில் விழுந்தது.

“என் படத்துல கை வச்சுட்டாங்க,” என்றார்.

அண்ணன் பதறிப்போய் எழுந்துவிட்டார். “எந்தப் படம்? யாரு வச்சது? ஃபோன்ல இருந்து எடுத்தாங்களா? போலீஸுக்குப் போவோமா?”

“என் மூஞ்சி இல்லைங்க. பாலிமர்.”

அண்ணன் மூச்சு விட்டு உட்கார்ந்தார். “அவ்வளவுதானா?” என்றார்.

அதற்கு அண்ணி பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. அண்ணனும் அதற்குப் பிறகு தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

நான் அவர்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறவன். கதை எழுதுகிறவன். சாப்பாடு மட்டும் கீழே. அண்ணி பாத்திரத்தைக் கழுவி முடிக்கும்வரை காத்திருந்து, “அண்ணி, இதைக் கதையா எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“எழுது. ஆனா அழகா எழுதித் தொலைக்காதே. அழகாக்குறேன்னுதான் அவங்களும் கை வச்சாங்க.”

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “ஒரு தலைமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆயிரம் கூறாகப் பிளந்து, அதில் ஒரு கூறை…”

வேண்டாம். நானோ அறிவியல் என்றாலே எல்லோரும் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறார்கள். நான் இழுக்கப்போவதில்லை.

இரண்டாவது: “இருண்ட வானில் பூத்த நட்சத்திரங்களைப்போல அந்தப் புள்ளிகள்…”

அண்ணி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “புள்ளிதான் கறுப்பு. பின்னணி வெளுப்பு. உனக்கு எல்லாமே தலைகீழ்.”

மூன்றாவது தொடக்கத்துக்கு எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் உதவினார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் வீடு ஒன்று, பாகம் பிரிக்கவும் வழியில்லை. அதனால் என்ன ஆயிற்று? கூடம் எங்களுக்கு, அடுத்த அறை அவர்களுக்கு, அதற்கடுத்தது மறுபடி எங்களுக்கு. யாரும் உட்கார்ந்து வரைபடம் போடவில்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் இருக்க நினைத்ததிலேயே வீடு தானாகக் கோடு போட்டுப் பிரிந்துவிட்டது.

“இது சரி,” என்றார் அண்ணி. “இதை வச்சுக்கோ.”

அண்ணி படம் எடுக்கும் பொருளும் இதே குடும்பம்தான். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சங்கிலிகள். ஒன்று கண்ணாடி போல விறைப்பானது, இன்னொன்று ரப்பர். இரண்டையும் முனைக்கு முனை கட்டிப்போட்டுவிட்டார்கள். விலகி ஓடவும் முடியாது, கலந்துவிடவும் மனமில்லை. ஆகவே அவை தாமாகவே இடம் பிரித்துக்கொண்டு ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. அண்ணியின் ஆய்வகத்தில் செய்வது இன்னும் சிக்கலானது. நேர்ச் சங்கிலி அல்ல, கிளைச் சங்கிலி. நடுவிலிருந்து நான்கு கைகள் நீட்டிய நட்சத்திரம். ஒவ்வொரு கையும் பாதி விறைப்பு, பாதி ரப்பர். நடுவில் நெரிசல் தாங்காமல் கைகள் முண்டியடித்து வளைய, ரப்பர் பகுதியெல்லாம் சேர்ந்து, பெட்டியில் அடுக்கிய பென்சில்கள் போல மெல்லிய தூண்களாக நிற்கிறது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

[இங்கே ஒரு சமன்பாடு இருந்தது. எனக்கே புரியவில்லை, எடுத்துவிட்டேன்.]

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அந்த ரப்பர் தூண்களை மட்டும் அரித்து எடுத்துவிட்டால் மீதி ஒரு சல்லடை. எல்லா ஓட்டையும் ஒரே அளவு. நோயாளியின் ரத்தத்தை அதன் வழியே விட்டால் கழிவு வெளியேறும், உடம்புக்கு வேண்டியது தங்கும். ஓட்டை எல்லாம் ஒரே அளவாக இருந்தால்.

‘இருந்தால்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அண்ணி அங்கே வேலை பார்க்கிறார்.

3

அண்ணி முனைவர் பட்டம் வாங்கியவர். நுண்ணோக்கி அறைக்குப் பொறுப்பாளர். எலக்ட்ரான் நுண்ணோக்கி என்றால் மேசைமேல் வைத்துக் குனிந்து பார்க்கும் சாமான் இல்லை. தரையிலிருந்து கூரை வரை நிற்கும் இரும்புத் தூண். பக்கத்து அறையில் யாராவது கதவை அறைந்து சாத்தினால் படம் நடுங்கும். அதனால் அந்தத் தாழ்வாரத்தில் எல்லோரும் திருடர்கள் மாதிரி நடப்பார்கள்.

ஆனால் வேலை நுண்ணோக்கிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பாலிமர் துண்டைக் கடுங்குளிரில் விறைக்க வைத்து, வைரக் கத்தியால் சீவ வேண்டும். கத்தி முனையில் வந்து சுருண்டு நிற்கும் சீவல் மூச்சுப் பட்டாலே காணாமல் போகும். அதைத் தள்ளி எடுக்கச் சந்தையில் கருவி கிடையாது. ஒரு குச்சி முனையில் கண்ணிமை மயிர் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார் அண்ணி. அவருடைய சொந்த இமை.

(“இதை எழுதாதே, சிரிப்பாங்க,” என்றார். எழுதிவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படத்தில் கை வைத்தவர்களுக்கு அந்தப் படத்தில் யாருடைய இமை போயிருக்கிறது என்று தெரியட்டும்.)

பிறகு சீவலைச் செம்பு வலையில் ஏற்றி, ஆஸ்மியம் ஆவியில் காட்ட வேண்டும். அது ரப்பரை மட்டும் பிடித்துக் கறுப்பாக்கும். கண்ணில் பட்டால் கண்ணையும் விடாது. காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள் கையுறை போட்ட கையை மட்டும் நீட்டிச் செய்யும் வேலை. இத்தனைக்கும் பிறகு நுண்ணோக்கிக்குள் வைத்தால், எலக்ட்ரான் கற்றை படப்படப் பொருள் கெடும். நிதானமாகப் பார்க்க முடியாது. கிடைத்த நொடியில் எடுத்துவிட்டு நகர வேண்டும்.

அப்படி எடுத்த படங்களில் அண்ணி ஒன்றைக் கண்டார். புள்ளிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. திடீரென ஓரிடத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் ஒட்டிக்கொண்டு கோணல் புழுவாக நீள்கின்றன. பிறகு மறுபடி ஒழுங்கு. சற்றுத் தள்ளி மறுபடி புழு.

முதலில் தன் கை மேல்தான் சந்தேகப்பட்டார். கத்தியை மாற்றினார். வேறு வாக்கில் அறுத்தார். வேறு தடவை செய்த பாலிமரை வாங்கிப் பார்த்தார். செம்பு வலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். புழு போகவில்லை.

அப்படியானால் கோளாறு பொருளிலேயே இருக்கிறது. நான்கு கை இருக்க வேண்டிய நட்சத்திரங்களில் சிலவற்றுக்கு ஒரு கை இல்லை. கை குறைந்த இடத்தில் நெரிசல் குறைய, அடுத்தடுத்த தூண்கள் ஒன்றாகிவிடுகின்றன. தூண்கள் ஒன்றானால் ஓட்டைகளும் ஒன்றாகும். ஓட்டை பெரிதானால்…

இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை.

4

இப்போது தலைவர். ஆய்வகத் தலைவருக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பெயர் ‘பளபளா’. “படம் பளபளன்னு இருக்கணும்,” என்பது அவர் வாயில் ஓயாத பேச்சு.

இவரை எப்படி எழுதுவது என்று தவித்துப்போனேன். முதல் வரைவில் மீசையை முறுக்கவைத்தேன். அண்ணி சிரித்தார். “அவருக்கு மீசையே இல்ல.” இரண்டாம் வரைவில் யாரையோ மிரட்டவைத்தேன். “மிரட்டவே மாட்டார் தம்பி. அதுதான் எரிச்சல். எப்பவும் சிரிச்ச முகம். நம்ம குடும்பத்தை விசாரிப்பார். உன்னோட கதையைக்கூட விசாரிச்சிருக்கார்.”

அதைக் கேட்டு ஒரு கணம் எனக்கு மனம் குளிர்ந்தது. அவ்வளவு மலிவானவன் நான். அந்தச் சிரிப்பு எப்படி வேலை செய்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அண்ணி புழுக்களைக் காட்டியபோதும் அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். “அருமை. ஒழுங்கா இருக்கிற படம் ஒண்ணு அனுப்புங்கம்மா,” என்றார். அண்ணி எல்லாவற்றையும் அனுப்பினார். அதில் ஒன்றை எடுத்து, யாரிடமோ கொடுத்து, கணினியில் புழுக்களை அழித்து, அந்த இடத்தில் பக்கத்துப் புள்ளிகளையே நகலெடுத்து நிரப்பி, ஆய்விதழுக்குக் கட்டுரையோடு அனுப்பிவிட்டார். அது போதாதென்று ஆளுயரத்துக்கு அச்சடித்து நுழைவுக் கூடத்திலும் மாட்டினார்.

அண்ணி அதைப் பார்த்தது வேலைக்கு வந்து பையைக்கூட இறக்காத காலை நேரத்தில். கிட்டே போனார். பிரசவித்தவளுக்குப் பிள்ளை அடையாளம்

— அடித்துவிட்டேன். அண்ணி படித்தால் தாளைக் கிழிப்பார். நேராகச் சொல்கிறேன்: தன் படத்தை அவருக்குத் தெரியும். ஒரு மூலையில் கத்தி விட்ட மெல்லிய கீறல் அப்படியே இருந்தது. புழுக்கள் மட்டும் இல்லை. அன்று மாலைதான் குவளை மேசையில் இடித்தது.

5

சல்லடை செய்யும் நிறுவனத்திலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள். “நல்லா உடுத்திட்டு வாங்கம்மா, படம் உங்களோடதுதானே,” என்று பளபளா முந்தின நாளே சொல்லியிருந்தார். அண்ணி வேண்டுமென்றே ஆஸ்மியம் கறை பட்ட ஆய்வகக் கோட்டோடு போய் நின்றார்.

கூடத்தில் ஆளுயரப் படத்துக்கு முன்னால் பளபளா கையை விரித்தார். “பாருங்க. ஒரு பிசிறு இல்ல. இதை எடுத்தவங்க இவங்கதான்.”

எல்லோரும் அண்ணியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அண்ணி, “இது நான் எடுத்த படம் இல்ல,” என்றார்.

பளபளா சிரித்தார். “தன்னடக்கம்.”

“தன்னடக்கம் இல்ல சார். நான் எடுத்ததுல இங்க, இங்க, அப்புறம் இங்க புள்ளிங்க ஒட்டிட்டு இருந்துச்சு.” விரலால் தொட்டுக் காட்டினார். “இப்ப இல்ல. யாரோ நிரப்பியிருக்காங்க.”

“சின்னச் சுத்தம்தாம்மா. கண்ணாடியில தூசி இருந்தா தட்ட மாட்டோமா?”

“தூசி இல்ல சார், ஓட்டை. ரெண்டு மூணு ஓட்டை ஒண்ணாச் சேர்ந்த ஓட்டை. ரத்தத்துல தங்க வேண்டியதெல்லாம் அது வழியா வெளியே போயிடும்.”

 இதோ வெடிக்கப்போகிறது என்று அண்ணி நினைத்தார். வெடிக்கவில்லை. விருந்தினர்களில் மூத்த பெண்மணி, “அப்படியா? சுவாரசியமா இருக்கே,” என்றார். பளபளா கடிகாரத்தைப் பார்த்தார். “டீ ஆறிடும். உள்ளே போகலாமா?” யாரோ சிரித்தார்கள். செருப்புச் சத்தங்கள் உள்ளே போயின. அண்ணியும் படமும் மட்டும் மிச்சம்.

[இங்கே அண்ணி பளபளாவை ஓங்கி அறைவதாக எழுதியிருந்தேன். அண்ணி படித்துவிட்டு, “அடி,” என்றார். மகிழ்ந்துபோனேன். வரியைத்தான் சொன்னாராம்.]

ஆனால் என் ஆத்திரம் தீரவில்லை. மறுத்துப் பேசியிருந்தால்கூட ஒரு மரியாதை. சண்டை போட ஆளில்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்களே! நீங்கள் அந்தக் கூடத்தில் இருந்திருந்தால் போயிருப்பீர்களா? பதில் சொல்ல வேண்டாம். நானும் போயிருப்பேன் என்றுதான் பயமாக இருக்கிறது.

6

அடுத்த நாள் அண்ணி பளபளாவின் அறைக்குப் போனார். தன்னிடம் ஓர் ஆயுதம் இருப்பதாக நினைத்துக்கொண்டு போனார்.

“படத்தை மாத்த மாட்டீங்கன்னா கட்டுரையில இருந்து என் பேரை எடுத்துடுங்க.”

அவர் கெஞ்சுவார், காரணம் சொல்வார், கொஞ்சமாவது தடுமாறுவார் என்று எதிர்பார்த்தார். பளபளா, “சரிம்மா,” என்றார். கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஒற்றை விரலால் தட்டி, அண்ணி நிற்கும்போதே பெயரை எடுத்தார். டீயில் விழுந்த ஈயை எடுப்பது போல. பிறகு, “உங்க பையன் பரீட்சை எப்படி எழுதினான்?” என்றார்.

தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் அண்ணிக்கு உறைத்தது. கட்டுரையில் பெயர் உள்ளவர்தான் கட்டுரை தப்பு என்று உள்ளிருந்து சொல்ல முடியும். இப்போது அவர் யாரோ.

வீட்டுக்கு வந்து, “வீட்டைத் திறந்து போட்டுட்டு நானே வெளிய வந்து நின்னுட்டேன்,” என்றார்.

அண்ணன், “விட்டுத் தள்ளு. உன் பேரு இல்லல்ல? நாளைக்கு ஏதாவது ஆனாலும் உன் மேல வராது,” என்றார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

“என் மேல வராது. யார் மேல வரும்? படுக்கையில ஊசி குத்திட்டுப் படுத்திருக்கானே, அவன் மேல வரும்.”

அண்ணன் தண்ணீர் குடித்தார்.

அண்ணி மறுபடி போனார். “பேரைத் திரும்பப் போடுங்க சார்.” பளபளாவின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு சற்றுக் குறைந்தது. “எடுங்க, போடுங்கன்னா எப்படிம்மா? நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. கொஞ்சம் ஓய்வு எடுங்க.” ஓய்வு என்றால் என்ன என்று அன்று பிற்பகல் தெரிந்தது. நுண்ணோக்கி அறைக் கதவில் அண்ணி தன் நுழைவு அட்டையை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு. அந்த எந்திரம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய நாளிலிருந்து கூடவே இருந்தவர். எந்த நேரத்தில் அது முரண்டு பிடிக்கும் என்பது வரை தெரிந்தவர். தாழ்வாரத்தில் வழக்கம்போல எல்லோரும் சத்தமில்லாமல் நடந்து போனார்கள்.

அந்தக் கதவை அண்ணி காலால் ஓர் உதை விட்டார். இது என் கற்பனை இல்லை. அவரே சொன்னார். உள்ளே யாருடைய படமோ நடுங்கியிருக்கும்.

பிறகு கைவைக்காத படங்கள் எல்லாவற்றையும், நன்றாக வந்தது, வராதது, கலங்கியது உட்பட, ஆய்விதழின் ஆசிரியருக்கு அனுப்பினார். எது அசல், எது நிரப்பியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆய்விதழ் கட்டுரையை நிறுத்தி வைத்தது. ஆய்வகத்தை நடத்தும் நிறுவனம் விசாரணைக் குழு அமைத்தது. குழுத் தலைவர் பளபளாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். இதை நான் கற்பனையாகச் சேர்த்திருந்தால், மிகைப்படுத்துகிறாய் என்று நீங்களே திட்டியிருப்பீர்கள்.

7

இன்னொருவரை இதுவரை ஒளித்து வைத்திருந்தேன். எப்படிக் காட்டுவது என்று தெரியாததுதான் காரணம்.

அந்தப் பாலிமரைச் செய்கிற வேதியியலாளர். குடுவை, அடுப்பு, கிளறுவது என்று இருப்பவராதலால் ஆய்வகத்தில் ‘சமையல்காரர்’ என்பார்கள். அண்ணியின் வயதுதான். ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்படும் ஒப்பந்த வேலை. கட்டுரையில் அவர் பெயர் இருக்கிறது. இன்னமும்.

நான் அவரைக் கோழையாக எழுதிவைத்திருந்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் வந்து நின்று அதைக் கெடுத்தார். முகம் மழிக்கவில்லை. காபியைக் கையில் வாங்கி, குடிக்காமலே வைத்திருந்தார்.

“பாலிமரைப் பிரிச்சுப் பார்த்தேன் மேடம்,” என்றார். “மூணு கை நட்சத்திரம் இருக்கு. கொஞ்சம் இல்ல, நிறையவே இருக்கு. நீங்க சொன்னது சரி.”

 “எப்பலேர்ந்து தெரியும்?” என்றார் அண்ணி.

“இப்பதான் பிரிச்சேன்.”

“அதைக் கேட்கல.”

அவர் காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீங்க முதல் படம் காட்டினப்பவே சந்தேகம் வந்துச்சு.”

“அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்.”

அண்ணி எழுந்து நின்றார். பளபளாவிடம்கூட அவர் குரல் இப்படி உயர்ந்ததில்லை. “நான் சொல்லுவேன்னா? நான் கூடத்துல தனியா நின்னப்ப நீங்க எங்க இருந்தீங்க? டீ நல்லா இருந்துச்சா?”

“மேடம்…”

“நான் சொல்லிச் சொல்லித்தான் கதவுக்கு வெளிய நிக்கிறேன். எல்லாரும் இப்படி அடுத்தவங்க சொல்லுவாங்கன்னு இருந்தா, சொல்றதுக்கு யாருங்க மிச்சம்?”

அண்ணன் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மெல்லப் பின்வாங்கினார். சமையல்காரரின் கண் கலங்கியிருந்தது. “குழு முன்னாடி, ‘வெட்டும்போது வந்த பிழை’ன்னு சார் சொல்லச் சொல்லியிருக்கார். சொன்னா ஒப்பந்தம் நீளும். நான் என்ன சொல்லட்டும்?”

“என்னைக் கேக்காதீங்க.”

“வேலை போயிடும் மேடம்.”

“போகும்,” என்றார் அண்ணி.

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை. அவர் ஆறிய காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, குவளையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

(பாருங்கள், கோழை என்று எழுதிவைத்ததை இப்போது என்ன செய்வேன்? வீரர் என்றும் மாற்ற முடியவில்லை.)

8

இந்தப் பக்கத்தை எழுதும்போது குழு இன்னும் கூடவில்லை. பதிப்பகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். இரண்டு முடிவு எழுதிக் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தேன்.

ஒன்றில் சமையல்காரர் உண்மையைச் சொல்கிறார். பளபளாவின் சிரிப்பு உறைகிறது. கதவில் பச்சை விளக்கு எரிகிறது. படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. இன்னொன்றில் அவர் ‘வெட்டும்போது வந்த பிழை’ என்கிறார். சல்லடை ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அது உலகம் தெரிந்தவன் எழுதியது போல இருந்தது.

அண்ணி இரண்டையும் மேசையில் போட்டார். “நடக்காததை நீயே நிரப்பிட்டு வந்திருக்கே. அதுவும் ரெண்டு விதமா. ஒண்ணு நல்லா இருக்கு, ஒண்ணு கெட்டிக்காரத்தனமா இருக்கு. எது நடந்துச்சு?”

“இன்னும் எதுவும் நடக்கல அண்ணி.”

“அப்போ அந்த இடத்தைச் சும்மா விடு.”

“வாசகர்கள் திட்டுவாங்க.”

“திட்டட்டும்.”

ஆகவே எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஓர் அறை. நீள மேசை. அதன் மேல் இரண்டு படங்கள், ஒன்று அசல், ஒன்று நிரப்பியது. சாட்சி என்பதால் அண்ணியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருப்பார்கள். பளபளா எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, எல்லோர் வீட்டையும் விசாரிப்பார். சமையல்காரர் நாற்காலி நுனியில் உட்காருவார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கும். உங்களை அதில் உட்காரவைக்கிறேன். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. என்றைக்காவது உங்கள் வீட்டில் ஒருவருடைய ரத்தம் அந்தச் சல்லடைக்குள் போகலாம். சில நட்சத்திரங்களுக்கு மூன்றே கைகள் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். மற்றவர் சொல்லுவார் என்று நீங்களும் இருந்துவிடலாம்.

சமையல்காரர் தொண்டையைச் செருமுகிறார். தண்ணீர் கேட்கிறார். குடிக்கிறார். பேசவில்லை.

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார். “சொல்லுங்க,” என்கிறார்.

உங்களைத்தான்.